புகைபோக்கியில் ஒரு தேன்கூடு
(இல்லறத்தார்க்கு ஓர் அஹிம்சைப் பாடம்)



நம் வீட்டுக் குழந்தைகள் எழுத்தறியும் முன்னரே அறிந்துகொள்ளும் நியமங்கள் சில உண்டு. நீரை வடிகட்டிப் பருகுதல், பொழுது சாயுமுன் உண்ணுதல், ஊன், கள், தேன் ஆகிய மூன்றையும் தீண்டாதிருத்தல் என்பன அவை. இவற்றுள் தேனைத் துறத்தல் அத்துணைக் கடினமான விரதமன்று. கடையில் வாங்காதிருந்தால் போதும். மருந்தைத் தேனில் குழைத்து உண்ணச் சொல்லும் வைத்தியரிடம், வெந்நீரில் உண்ணலாமா என்று கேட்டால் போதும். ஆதலின் தேனீ என்னும் உயிரைப் பொறுத்தவரை நம் கடமை முடிந்துவிட்டது என்றே நாம் எண்ணிக்கொள்கிறோம்.

அந்தத் தேனீயே நம் வீட்டைத் தேடி வந்து, அடுப்புக்கு மேலுள்ள புகைபோக்கியில் குடிபுகுந்துவிட்டால் என் செய்வது? உண்ணாமையால் காத்த விரதத்தை அப்போது எதனால் காப்பது? இவ்வினாவை ஒரு பாடமாக எடுத்துக்கொண்டு, ஆசாரியர்கள் வகுத்த நெறியையும் தேனீயின் வாழ்க்கை முறையையும் சேர்த்து இங்கே சிந்திப்போம்.

நம் வீட்டில் நேர்ந்தது

வந்தவாசி வட்டத்துச் சிற்றூர் ஒன்றில் நம் முன்னோர் கட்டிய ஓட்டு வீடு உள்ளது. பிள்ளைகள் பணி நிமித்தம் நகரங்களுக்குச் சென்றபின் அவ்வீடு ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கும். சமையலறையில் பழைய விறகடுப்பு மேடையும், அதன் மேல் கூரையைத் துளைத்துச் செல்லும் செங்கல் புகைபோக்கியும் இன்றும் உள்ளன. எரிவாயு அடுப்பு வந்தபின், விறகடுப்பு மூட்டப்படுவது பொங்கலுக்கும் ஜினாலயத் திருவிழாவுக்கும் மட்டுமே.

சில ஆண்டுகளுக்கு முன், தைப்பொங்கலுக்கு இரண்டு நாள் இருக்கையில் குடும்பத்துடன் சென்று கதவைத் திறந்தோம். அடுப்படியில் மெல்லிய இரைச்சல் கேட்டது. டார்ச் விளக்கை மேலே காட்டியபோது, புகைபோக்கியின் உள்ளே ஒன்றன்பின் ஒன்றாக ஐந்தாறு அடைகள் தொங்குவதையும், அவற்றைப் போர்த்தாற்போல் தேனீக்கள் மொய்த்திருப்பதையும் கண்டோம்.

செய்தியறிந்த குத்தகைக்காரர் ஓர் ஆளை அழைத்து வந்தார். வந்தவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "பந்தம் கொளுத்திக் காட்டினால் அரைமணி நேரத்தில் முடிந்துவிடும், ஐயா. ஐந்நூறு ரூபாய் கொடுங்கள். தேனை நான் எடுத்துக்கொள்கிறேன், நீங்கள்தான் தொடமாட்டீர்களே" என்றார். நாம் தயங்கியதைக் கண்டு, "நீங்கள் பார்க்கவேண்டாம், திண்ணையில் உட்காருங்கள். பாவம் என்னைச் சேரட்டும்" என்றும் சொன்னார்.

உள்ளதைச் சொல்வதானால், நாம் தலையசைத்துவிட்டோம். பொங்கலுக்கு உறவினர் வருவர். குழந்தைகள் ஓடியாடும் வீடு. வேறு வழி அப்போது தோன்றவில்லை. கூடத்தில் அமர்ந்திருந்த நம் அன்னையார்தாம் அவரை அழைத்து, "பாவம் என்ன கைமாறுகிற பொருளா, தம்பி? நீ வாங்கிக்கொண்டால் எங்களை விட்டுவிடுமா?" என்று கேட்டார். அவர் விடை கூறவில்லை. நம்மாலும் கூற இயலவில்லை. அந்த ஒரு கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

தேனீ எத்தகைய உயிர்?

உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் உயிர்களைப் புலன்களின் எண்ணிக்கையால் வகைப்படுத்துகிறார். புழு, எறும்பு, வண்டு, மனிதன் என ஒவ்வொன்றுக்கும் ஒரு புலன் ஏறிவரும் அவ்வரிசையில், நான்கு புலனுயிர்க்கு எடுத்துக்காட்டாக நிற்பது வண்டினம். தொல்காப்பிய மரபியலும் நண்டையும் தும்பியையும் நான்கறிவுயிர்களாக எண்ணுகிறது. நம் மரபின் உயிர்ப் பாகுபாடும் பழந்தமிழர் பாகுபாடும் ஒத்துநிற்கும் இடங்களுள் இது ஒன்று.

தேனீக்கு மெய், நாக்கு, மூக்கு, கண் என்னும் நான்கு இந்திரியங்களும், உடல் வலிமை, ஒலி வலிமை, ஆயுள், மூச்சு ஆகியனவும் சேர எட்டுப் பிராணன்கள் உள்ளன. ஓர் உயிரைக் கொல்லுதல் என்றால் அதன் பிராணன்களைப் பறித்தல் என்றே பொருள். பெரிய கூடு ஒன்றில் பல்லாயிரம் தேனீக்கள் வாழ்கின்றன. அடைகளின் அறைகளில் முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் இருப்பவை வேறு. பந்தம் ஒன்றை உயர்த்துமுன் இந்தக் கணக்கை நினைத்தல் வேண்டும்.

துறவியர் உணவேற்கும் முறைகளுள் ஒன்றுக்கு நம் நூல்கள் 'பிராமரி' என்று பெயரிட்டுள்ளன. மலருக்கு ஊறு நேராமல் வண்டு உணவு கொள்வதுபோல, இல்லறத்தார்க்குச் சுமையாகாமல் முனிவர் உணவு கொள்ளவேண்டும் என்பது அதன் கருத்து. முனிவரின் ஒழுக்கத்துக்கே உவமையான உயிர், நம் கையில் எளிதில் மடியலாகுமா?

தேனை விலக்கிய காரணம்

சமந்தபத்திர ஆசாரியர் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில், ஊன், கள், தேன் என்னும் மூன்றையும் துறந்து ஐந்து அணுவிரதங்களையும் காத்தலே சிராவகரின் எட்டு மூலகுணங்கள் என்றார். அவ்வழியில் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பை நம் பெரியோர் நன்கறிவர். தேன் விலக்கப்பட்டது சுவை கருதியன்று. நடமாடும் உயிர்களின் கொலை கருதி.

அமிர்தசந்திர ஆசாரியர் புருஷார்த்த சித்தியுபாயத்தில் இன்னும் ஒருபடி செல்கிறார். கூட்டிலிருந்து தானாக வீழ்ந்த தேனை உண்பதிலும் ஹிம்சை உண்டு, அதைச் சார்ந்து வாழும் நுண்ணுயிர்கள் மடிகின்றமையால் என்பது அவர் கருத்து. இவ்வளவு நுணுகிய விதியை ஏற்றுத் தேன்துளியை நாவில் வைக்க அஞ்சும் நாம், முழுக்கூட்டையும் எரிக்கும்போது அஞ்சாதிருந்தால், விரதத்தின் தோலைப் பற்றிக்கொண்டு சுளையை எறிந்தவர் ஆவோம்.

தேனீ ஏன் புகைபோக்கிக்கு வருகிறது?

நம் பகுதியில் காணப்படும் தேனீக்களைப் பிரித்தறிதல் முதற்கடமை. வகைக்கேற்பவே செய்யத்தக்கதும் வேறுபடும்.

பெருந்தேனீ அல்லது மலைத்தேனீ உயர்ந்த மரங்களிலும், நீர்த்தேக்கத் தொட்டிகளின் அடியிலும், மாடி வீடுகளின் வெளிச்சுவரிலும் ஒரே பெரிய அடையைத் திறந்தவெளியில் தொங்கவிடும். கொம்புத்தேனீ செடி கொடிகளின் கிளையில் உள்ளங்கை அளவில் ஒற்றை அடை கட்டும். கொசுத்தேனீ கொடுக்கில்லாதது, சுவர் வெடிப்பில் வாழ்வது, யாருக்கும் தீங்கற்றது. இருளும் மறைவும் உள்ள பொந்தில் பல அடைகளை வரிசையாகக் கட்டுவது அடுக்குத்தேனீ. புகைபோக்கிக்கு வருவது பெரும்பாலும் இதுவே.

பூக்கள் மிகுந்து கூடு பெருகும் காலத்தில், பழைய இராணி ஒரு பகுதித் தேனீக்களுடன் பிரிந்து வெளியேறும். அக்கூட்டம் மரக்கிளையில் கொத்தாகத் தொங்கிக்கொண்டிருக்க, தேர்ந்த தேனீக்கள் சில வீடு தேடிப் புறப்படும். கண்ட இடத்தை அவை நடனத்தால் பிறவற்றுக்கு உணர்த்தும். தேனீ நடனத்தின் பொருளை ஆராய்ந்தறிந்த கார்ல் வான் பிரிஷ் என்னும் அறிஞர்க்கு 1973ஆம் ஆண்டு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

அவை தேடுவது மழை படாத, இருண்ட, உயரமான, வாயில் குறுகிய இடம். நெருப்பு மூட்டப்படாத புகைபோக்கி இந்த இலக்கணம் அனைத்தும் பொருந்தியது. நாள்தோறும் புகையெழும் புகைபோக்கியில் அவை தங்கா. ஆகவே அவை நம் வீட்டில் அத்துமீறி நுழைந்தன என்று சொல்வதற்கில்லை. நாம் கைவிட்ட இடத்தை அவை காலியிடம் என்று கண்டன, அவ்வளவே.

குடிபுகுந்த சில நாட்களில் மெழுகு அடை எழும். இராணி முட்டையிடத் தொடங்கும். முட்டை மூன்று நாளில் புழுவாகும். ஏறக்குறைய இருபது நாட்களில் முழுத்தேனீயாக வெளிவரும். இந்த நாட்கணக்கை நினைவிற் கொள்க. பின்னர்க் கூறும் வழிமுறைக்கு இது பயன்படும்.

நூல்நெறி கூறும் அளவுகோல்

இல்லறத்தார்க்கு நேரும் ஹிம்சையைப் பெரியோர் நான்காகப் பிரிப்பர். கொல்லும் எண்ணத்தோடு கொல்லுதல் சங்கல்ப ஹிம்சை. சமைத்தல், பெருக்குதல் முதலிய வீட்டுவேலைகளில் தவிர்க்க இயலாது நேர்வது ஆரம்ப ஹிம்சை. உழவு முதலிய தொழில்களில் நேர்வது உத்தியோக ஹிம்சை. தாக்குவோரிடமிருந்து காத்துக்கொள்கையில் நேர்வது விரோத ஹிம்சை. இவற்றுள் முதலாவதை இல்லறத்தார் முற்றும் துறத்தல் வேண்டும். ஏனைய மூன்றையும் இயன்ற அளவு குறைத்தல் வேண்டும்.

"சமையலறையைத் தூய்மை செய்கிறோம், ஆகவே கூட்டை எரித்தலும் ஆரம்ப ஹிம்சையே" என்று சிலர் வாதிடலாம். அடுப்பு மூட்டுகையில் நம் கண்ணுக்குத் தப்பிய எறும்பு மடிந்தால் அது ஆரம்பம். கூடு இருப்பதை அறிந்து, அண்ணாந்து பார்த்து, அதை அழிப்பதற்கென்றே தீயை உயர்த்தினால் அது சங்கல்பமே. வேலையின் பெயர் ஹிம்சையின் வகையை மாற்றாது. எண்ணமே அதை முடிவு செய்கிறது.

இனி, அன்னையார் கேட்ட கேள்விக்கு வருவோம். சமந்தபத்திர ஆசாரியர் அஹிம்சா அணுவிரதத்துக்கு இலக்கணம் கூறும்போது, மனம், சொல், உடல் என்னும் மூன்றாலும், தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்ததற்கு உடன்படுதல் என்னும் மூன்று வகையாலும் நடமாடும் உயிர்களைக் கொல்லாமையே அவ்விரதம் என்கிறார். மூன்றும் மூன்றும் பெருக்க ஒன்பது வாயில்கள். தன் கையால் கொல்லாமை என்பது அவற்றுள் ஒரே ஒரு வாயிலை அடைத்தல் மட்டுமே. கூலி கொடுத்தால் 'செய்வித்தல்' திறந்திருக்கிறது. திண்ணையில் முகம் திருப்பி அமர்ந்தால் 'உடன்படுதல்' திறந்திருக்கிறது. "எப்படியாவது தொலைந்தால் சரி" என்று நினைத்தால் மனம் திறந்திருக்கிறது.

இவ்விடத்தில் நம் குற்றமொன்றையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, நகரில் நாம் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் மேல்மாடத்தில் பெருந்தேனீ அடை கட்டியது. குடியிருப்போர் கூடிப் பூச்சிமருந்து தெளிப்பவரை அமர்த்தினர். இரவோடு இரவாக வேலை முடிந்தது. காலையில் வாகனம் நிறுத்துமிடத்தில் கருமணல் கொட்டியதுபோல் தேனீக்கள் குவிந்து கிடந்தன. சில இன்னும் ஊர்ந்துகொண்டிருந்தன. துப்புரவுப் பணியாளர் அவற்றைக் கூடையில் வாரினார். நாம் அவற்றைத் தாண்டி அலுவலகம் சென்றோம். அம்மாதப் பராமரிப்புக் கட்டணத்தில் நம் பங்கும் இருந்தது. கூட்டத்தில் ஒருவராவது வேறு வழி கேட்டிருக்கலாம், நாம் கேட்கவில்லை. 'உடன்படுதல்' என்னும் சொல்லுக்கு இதைவிடத் தெளிவான உரை நமக்குத் தெரியாது.

ஐந்து அதிசாரங்களும் அடைக்கப்பட்ட கூடும்

எரித்தலும் நஞ்சு தெளித்தலும் வேண்டாம், சிமெண்டு வைத்துத் துவாரத்தை அடைத்துவிடலாம் என்பார் உளர். வெளியே கொலை தெரியாததால் இது மென்மையான வழிபோல் தோன்றும். அஹிம்சா அணுவிரதத்தின் அதிசாரங்கள் ஐந்தில், கட்டிவைத்தலும் உணவு நீரைத் தடுத்தலும் அடங்கும். பொதுவாக மாடு, குதிரை, ஏவலாளர் ஆகியோரை நினைத்தே இவற்றைப் படிக்கிறோம். உயிருள்ள கூட்டை அடைப்பது இவ்விரண்டும் ஒருங்கே நிகழும் இடம். உள்ளே இருப்பவை வெப்பத்தாலும் பசியாலும் மெல்ல மடியும். வெளியே சென்றவை மாலையில் திரும்பிவந்து மூடிய வாயிலைச் சுற்றிச் சுற்றிக் களைத்து வீழும். விரதத்துக்கு மாசு என்பதைக் கடந்து, விரதமே முறிந்த நிலை அது.

உலகியல் நோக்கிலும் இவ்வழிகள் நல்லன அல்ல. தேன்மெழுகு ஏறத்தாழ 62 முதல் 64 பாகை செல்சியசில் உருகும், தீப்பற்றும் இயல்புடையது. புகைபோக்கியில் பந்தம் காட்டினால் உருகிய மெழுகு எரிந்து, கூரை மரத்திலும் தீப்பிடிக்கக்கூடும். கொல்லப்பட்ட கூட்டில் மிஞ்சிய தேனுக்கு எறும்பும் மெழுகுப்பூச்சியும் வரும். அதன் மணத்தால் அடுத்த கூட்டமும் வரும். நஞ்சு தெளித்த தேனை வேறு கூட்டுத் தேனீக்கள் எடுத்துச் சென்றால், அந்நஞ்சு அங்கும் பரவும்.

செய்யத்தக்கவை

முதல் நிலை: வீடு பார்க்கும் நாட்கள். சில தேனீக்கள் மட்டும் புகைபோக்கியின் வாயிலில் பகலில் வந்து வந்து போனால், அவை இடம் பார்க்கின்றன என்று பொருள். இதுவே நமக்கு வாய்த்த நல்ல தருணம். இருட்டியபின் அவை தம் கூட்டத்துக்குத் திரும்பிவிடும். அப்போது உள்ளே எவ்வுயிரும் இல்லையென விளக்கு வைத்துப் பார்த்து, வாயிலைக் கம்பி வலையால் மூடிவிடலாம். எவ்வுயிர்க்கும் இழப்பில்லை, அவை வேறிடம் தேடிக்கொள்ளும்.

இரண்டாம் நிலை: வந்து ஓரிரு நாள். கூட்டம் வந்துவிட்டது, அடை இன்னும் எழவில்லை என்றால், அடுப்பில் தீச்சுவாலை எழாமல் பச்சை வேப்பிலைப் புகையை மெல்ல, இடைவிட்டுக் காட்டலாம். புழு இல்லாத கூட்டம் இடத்தை விட்டு எளிதில் நீங்கும். இப்போதும் தீ கூடாது; அனல் மேலேறக் கூடாது.

மூன்றாம் நிலை: அடையும் புழுவும் உண்டான பின். இப்போது புகைத்து விரட்டினால் இராணியும் பறக்கவல்ல தேனீக்களும் போகலாம். புழுக்கள் போக இயலா. ஆகவே வழிகள் இரண்டே. முதல் வழி, அடுப்பை மூட்டாமல் அவற்றை விட்டுவைத்தல். பூ குறைந்தாலும் நீர் குறைந்தாலும் அடுக்குத்தேனீ கூட்டை விட்டு இடம்பெயர்வது வழக்கம். பொறுத்திருப்பதே பல சமயங்களில் போதுமானது. புகைபோக்கியின் கீழ்வாயை மெல்லிய துணியாலோ வலையாலோ மூடிவிட்டால் அவை சமையலறைக்குள் வாரா. மேல்வாய் வழியே அவை போய்வரத் தடையிராது.

இரண்டாம் வழி, தேனீ வளர்ப்பில் பழகியவரைக் கொண்டு கூட்டை உயிருடன் மாற்றுதல். அவர் மிதமான புகை காட்டி, செங்கற்கள் சிலவற்றைப் பெயர்த்து, புழு அடைகளை ஒவ்வொன்றாக அறுத்துச் சட்டங்களில் வாழைநாரால் கட்டிப் பெட்டியில் வைப்பார். இராணி பெட்டிக்குள் சென்றுவிட்டால் ஏனையவை தாமே பின்தொடரும். அந்திவரை பெட்டியை அங்கேயே வைத்து, வெளியே சென்றவை யாவும் திரும்பியபின் மூடி எடுத்துச் செல்லவேண்டும். ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் வைக்காவிடின், மறுநாளே பல தேனீக்கள் பழைய இடத்துக்கு வந்து அலையும்.

இம்முறை நம் நாட்டுக்குப் புதிதன்று. அடுக்குத்தேனீக்கு ஏற்ற சிறு பெட்டியை நியூட்டன் என்னும் பாதிரியார் நூறாண்டுக்கு முன்பே தென்னிந்தியாவில் உருவாக்கினார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. குமரி மாவட்டத்து மார்த்தாண்டம் இத்தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதற்குப் பயிற்சியளிக்கிறது. தத்தம் மாவட்டத்துத் தோட்டக்கலை அலுவலகத்திலோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேட்டால், அருகிலுள்ள தேனீ வளர்ப்போரை அறியலாம்.

ஓர் ஐயமும் விடையும்

"தேனீ வளர்ப்பவரிடம் கூட்டைக் கொடுத்தால் அவர் தேன் எடுப்பாரே, நாம் துறந்த தொழிலுக்கு நாமே பொருள் கொடுத்ததாகாதா?" என்று வாசகர் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்வியே.

பெட்டியின் விலையையும் வேலைக் கூலியையும் நாமே கொடுத்து, தேன் எடுக்கலாகாது என்னும் உடன்பாட்டுடன், பெட்டியை நம் தோப்பிலோ நிலத்தின் வரப்பிலோ வைத்துக்கொள்வதே நேர்மையான வழி. அது இயலாதபோது, ஆபத்து இல்லையேல், இருந்த இடத்திலேயே விட்டுவைத்தல் நன்று. இரண்டும் இயலாமல், கொல்லுதலா கொடுத்தலா என்னும் நிலை வந்தால், கொடுத்தலே குறைந்த தீமை. ஆயினும் அதன் தேனையோ விலையையோ நாம் ஏற்கலாகாது. அதைப் புண்ணியச் செயல் என்று சொல்லிக்கொள்ளவும் கூடாது.

தேனீயால் நமக்கு நன்மை உண்டு என்பதும் உண்மை. பூசணி, வெள்ளரி, பாகல், புடலை ஆகியவற்றில் ஆண்பூவும் பெண்பூவும் வேறுவேறாகையால் பூச்சிகளின் துணையின்றிக் காய் பிடிப்பது அரிது. உயிர்கள் ஒன்றுக்கொன்று உதவி நிற்பன என்னும் சூத்திரக் கருத்துக்கு நம் கொல்லைப்புறப் பந்தலே சான்று. ஆயினும் உதவுவதனால் மட்டும் காப்போம் என்பது வணிகம். உதவாத உயிரையும் காப்பதே அறம்.

ஆபத்து நேர்ந்தால்

அஹிம்சையின் பெயரால் குழந்தைகளையும் முதியோரையும் ஆபத்தில் விடுதல் கூடாது. கூட்டினருகே கூச்சல், கல்லெறிதல், கடும் நறுமணம், திடீர் அசைவு வேண்டா. கொட்டிய தேனீயின் கொடுக்கு நம் தோலில் சிக்கி அறுபடுவதால் அத்தேனீ இறந்துபோகிறது. ஆகவே அதைச் சினமூட்டாதிருத்தல் நமக்கும் காவல், அதற்கும் காவல். கொட்டிய இடத்திலிருந்து எழும் மணம் ஏனைய தேனீக்களையும் அழைக்கும். எனவே அங்கே நில்லாமல் மூடிய அறைக்குள் விரைந்து செல்க. கொடுக்கைத் தாமதமின்றி அகற்றி, கழுவி, குளிர்ந்த துணி வைக்க. மூச்சுத் திணறல், முகமோ நாக்கோ வீங்குதல், தலைசுற்றல், உடலெங்கும் தடிப்பு ஆகியவற்றுள் எது காணினும், பலமுறை கொட்டப்பட்டிருந்தாலும், உடனே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும்.

பெருந்தேனீ அடையைப் பழக்கமற்றவர் நெருங்கவே கூடாது. அவ்வினம் பருவந்தோறும் இடம்பெயரும் இயல்புடையது. கீழே நடமாட்டத்தைத் தடுத்துச் சில காலம் பொறுத்தால் தானே நீங்கும். பள்ளி, மருத்துவமனை போன்ற இடங்களில் பொறுக்க இயலாத ஆபத்து நேர்ந்தால், தீயணைப்பு நிலையத்தாரிடம் தெரிவிக்கவேண்டும். அப்போதும் உயிருடன் அகற்றும் வழி உண்டா என்று முதலில் கேட்கவேண்டும். உயிர்காக்கும் பொருட்டு வேறு வழியின்றி நேர்வது விரோத ஹிம்சை. வேறு வழியைத் தேடாமலே அப்பெயரைச் சூட்டுதல் தன்னையே ஏமாற்றிக்கொள்ளுதல்.

வருமுன் காத்தல்

தத்துவார்த்த சூத்திரம் ஹிம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்துப் பிரமாதத்தை, அதாவது கவனமின்மையை, முன்னே வைக்கிறது. நம் பாட்டிமார் விறகை ஒவ்வொன்றாகத் தரையில் தட்டி, எறும்பும் பூச்சியும் நீங்கியபின்னரே அடுப்பில் வைப்பர். அவர்கள் காத்தது விறகடுப்பை. நாம் காக்கவேண்டியது அவர்கள் விட்டுச்சென்ற வெற்றுப் புகைபோக்கியை.

பயன்படாத புகைபோக்கி, சுவர்த் துளை, காற்றாடி பொருத்தும் துவாரம், காலி நீர்த்தொட்டி ஆகியவற்றை, உள்ளே உயிரில்லையெனப் பார்த்தபின், 2 மில்லிமீட்டர்க் கண்ணுள்ள கம்பி வலையால் மூடிவிடுக. அடுப்பை எப்போதேனும் மூட்டுவதாயின் கழற்றக்கூடிய மூடியாக அமைத்துக்கொள்க. இல்லையேல் வலைக்கண்ணில் கரி அடைத்துப் புகை வெளியேறாது. பூட்டிய வீட்டுக்குச் செல்லும்போதெல்லாம் முதலில் புகைபோக்கியைப் பார்த்தபின்னரே தீப்பெட்டியைக் கையில் எடுக்க.

பின்னர் நிகழ்ந்தது

அவ்வாண்டுப் பொங்கலை முற்றத்தில் மூன்று கல் வைத்துப் பொங்கினோம். பந்தத்துக்கு வந்தவர்க்கு, வந்த கூலியென்று நூறு ரூபாய் கொடுத்து அன்னையார் சாப்பிடச் சொல்லி அனுப்பினார். மாசி மாதத்தில் தேனீ வளர்ப்பவர் ஒருவர் வந்து கூட்டைப் பெட்டிக்கு மாற்றினார். எவ்வளவு கவனமாகச் செய்தும் பத்திருபது தேனீக்கள் மடிந்தன. அறுபட்ட அடையில் புழுக்கள் சிலவும் அழிந்தன. அன்றிரவு பிரதிக்கிரமணத்தில் அவற்றையும் சொல்லியே மன்னிப்பு வேண்டினோம். ஊருக்கு அப்பாலுள்ள நம் புன்செய் வரப்பில், வேப்பமரத்து நிழலில் பெட்டியை வைத்தோம்.

ஏறக்குறைய ஐந்து திங்கள் அங்கிருந்த கூட்டம், ஒருநாள் பெட்டியைக் காலிசெய்து போய்விட்டது. எங்கே போயிற்று என்று அறியோம். உயிரோடு போயிற்று என்பது ஒன்றே நமக்குப் போதுமானது. புகைபோக்கிக்கு இப்போது மூடி உண்டு. நகரத்துக் கட்டடத்தில் மறுபடி பெருந்தேனீ வந்தபோது, குடியிருப்போர் கூட்டத்தில் எழுந்து வேறு வழி கேட்டோம். அவ்விடத்துக்குக் கயிறு கட்டி, போகும்வரை பொறுப்பது என்று முடிவாயிற்று. முதல் முறையே கேட்டிருக்கலாம் என்னும் எண்ணம் மட்டும் இன்னும் நீங்கவில்லை.

குடும்பத்துடன் சிந்திக்க

1. ஹிம்சையின் நான்கு வகைகள் யாவை? தேன்கூட்டை எரித்தல் எவ்வகையில் அடங்கும்? ஏன்?

2. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றுக்கும் உங்கள் வீட்டு நடைமுறையிலிருந்து ஒவ்வோர் எடுத்துக்காட்டுத் தருக. கொசு, எலி, கரையான் ஆகியவற்றையும் எண்ணிப் பார்க்க.

3. உயிருள்ள கூட்டை அடைத்துவிடுதல் எந்த அதிசாரங்களை நினைவூட்டுகிறது?

4. உங்கள் வீட்டில் பயன்படாமல் திறந்துகிடக்கும் துளைகள் எத்தனை? இவ்வாரத்திலேயே பிள்ளைகளுடன் சென்று பார்த்து, உள்ளே உயிரில்லையென உறுதிசெய்து மூடுக.

அறம் வளர்க! எவ்வுயிரும் இனிது வாழ்க!